மங்குக் கம்பிக் காப்பு

அந்தக் கையை ஒடிக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் தெரியாதபோது கையைத்தானே ஒடிக்க முடியும்? இதை எழுதும் இன்றும் அந்த ஆசை எனக்கு முழுதாகப் போய்விடவில்லை. பெருந்தன்மையான கதை வேண்டும் என்பவர்கள் என் தங்கையிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் தோட்டம் மலேசியாவில், லுக்குட் பட்டணத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆயிற்று. லயத்து வீடுகளில் பாதிக்குமேல் ஆளில்லை. இருப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப்போல விடியும் முன்னே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு செனாவாங் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். கோயிலை ஒட்டிப் பழைய ஆயாக்கொட்டகை நிற்கிறது. எங்கள் அம்மாக்கள் ரப்பர் பால்வெட்டுக்குப் போன காலத்தில் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். நானும் தங்கையும் அந்தக் கொட்டகைத் தூளியில் கிடந்தவர்கள்தான். தோட்ட நிர்வாகத்திடம் நடையாய் நடந்து அந்தக் கொட்டகையை வாங்கி, கழுவி, சாயம் பூசி, என் தங்கை அதில் பாலர் பள்ளி நடத்திவந்தாள். படித்துவிட்டு முறையாகப் பதிவு செய்து நடத்திய பள்ளி. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

காலையில் வந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பாள். குடித்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்காமல் என்ன செய்வார்கள்? அம்மாக்களின் ஷிஃப்டுக்காக இருட்டிலேயே எழுப்பி, குளிக்கவைத்து, அரைத் தூக்கத்தில் மோட்டாரில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விடப்படும் பிள்ளைகள். தங்கை அவர்களைப் பாயில் கிடத்திப் போர்த்திவிட்டு, எழுந்த பிறகு பாடம் ஆரம்பிப்பாள்.

இதை ஒருவன் வீடியோவாக்கினான். பெயரில்லாத, முகமில்லாத ஒரு பக்கம். தோட்டத்துக் குரல் என்பதுபோல ஏதோ ஒரு தலைப்பு. பாய்களில் தூங்கும் பிள்ளைகளை ஜன்னல் வழியாக எடுத்த காட்சி, அதன்மேல் மிஷின் குரல் ஒன்று, "இந்தப் பாலில் என்ன கலக்கிறார்கள்? பிள்ளைகள் ஏன் மயங்கிக் கிடக்கிறார்கள்? பெற்றோர்களே, கேளுங்கள்" என்றது. அவ்வளவுதான். அந்த வாரமே வாட்ஸ்அப்பில் பக்கத்து ஊர்களைத் தாண்டி மந்தின் வரைக்கும் போய்விட்டது. யாரோ பெத்த பிள்ளையை நினைத்து யாரோ அழும் பொம்மைகளைப் போட்டார்கள். அடுத்த வாரம் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். என்னோடு ஒரே ஃபேக்டரியில் வேலை செய்பவள், தன் மகனின் மூத்திரத்தைச் சோதனைக்குக் கொடுத்திருப்பதாக என்னிடமே சொன்னாள். சோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் பையனை அனுப்பவில்லை. "ஒண்ணுமில்லதான் லா. ஆனா மனசு கேக்கல" என்றாள்.

தங்கை சண்டைக்குப் போகவில்லை. பள்ளிக் கதவைப் பூட்டினாள், வீட்டுக்கு வந்தாள், படுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து சாப்பிடுவாள். ஒருநாள் அவளே கேட்டாள், "அக்கா, நெசமாவே நான் ஏதாச்சும் செஞ்சிருப்பனோ? தெரியாம?" செய்யாத குற்றத்துக்கு அவள் தன்னையே சந்தேகப்படும்படி செய்துவிட்டானே பாவி. அவனைச் சும்மா விடுவதில்லை என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன்.

கோயில் தலைவர் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார். எங்கள் தோட்டத்திலேயே குடியிருந்து, லுக்குட்டில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். நல்ல பருமன், நல்ல வெள்ளை வேட்டி, விரலில் பெரிய மோதிரம். அவர் பேத்தியும் தங்கையிடம்தான் படித்தாள். வீடியோ வந்த மறுநாளே நிறுத்திவிட்டார்கள்.

"நான் நம்பலம்மா. மருமவதான் பயப்படுது. சரி, கொட்டகை சும்மாதான கெடக்கு? கோயிலுக்குக் கொடுத்திட்டா மண்டபமாக்கிடலாம். நாலு பேருக்கு நல்லது" என்றார்.

"வீடியோ போட்டவன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டு அப்புறம் கொட்டகையப் பத்திப் பேசலாம்ண்ணே."

"அதெல்லாம் நம்மால ஆவுமா? இது பேச்சு சுதந்திரம் லா. அவன் கேள்விதான கேட்டிருக்கான்."

எனக்கு அதுதான் உறைத்தது. போன திருவிழாவில் ரதத்தின் சக்கரம் கால்வாயில் இறங்கி நின்றதை ஒருவன் படம் எடுத்துக் கேலியாகப் போட்டபோது, இதே மனிதர் கோயில் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இப்படிப்பட்டவர்களை அரசாங்கம் பிடித்து உள்ளே போடவேண்டும், இதற்கென்று சட்டம் வேண்டும் என்று கத்தினார். ரதத்தின் சக்கரத்துக்குச் சட்டம், என் தங்கைக்குச் சுதந்திரம். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

லுக்குட் சாப்பாட்டுக் கடையில் அந்த நாட்களில் இதே பேச்சுத்தான். இணையத்தில் பேசுவதற்குப் புதிய சட்டம், புதிய கட்டுப்பாடு என்று தொலைக்காட்சியில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். கீழே ரொட்டிச்சானாயைப் பிய்த்துக்கொண்டு எல்லோரும் நீதிபதிகள் ஆகிவிடுவார்கள்.

"முகங்காட்டாத பக்கம் அத்தனையையும் மூடணும்" என்றார் எங்கள் தோட்டத்து லோரி ஓட்டுநர். "அடையாளக் கார்டு ஐசி நம்பர் போட்டாத்தான் பேசலாம்னு வெச்சிடணும்."

கடைக்காரர், ராமநாதபுரத்து முஸ்லிம் பெரியவர், தேநீரை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "மூடுங்க, மூடுங்க. போன வருசம் லயத்துல தண்ணி வரலன்னு நீங்க காலி வாளியோட வீடியோ போட்டீங்களே, அதுல எத்தன பேரு முகத்தக் காட்டுனீங்க? வேலை போயிடும்னு துண்டக் கட்டிக்கிட்டுத்தான பேசுனீங்க? மூடுற சாவி ஒங்க கையில இருக்காது தம்பி. மேனேஜர் கையிலதான் இருக்கும்."

ஓட்டுநர் ரொட்டியைக் குழம்பில் தொட்டுக்கொண்டார். அந்த வாளி வீடியோவில் நானும் இருந்தேன், முகமூடியோடு. பெரியவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வீட்டில் படுத்துக்கிடப்பவள் என் தங்கை. எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை, ஆள் வேண்டியிருந்தது.

இணையப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க நிறுவனம் ஒன்று இருக்கிறது என்று ஃபேக்டரியில் சொன்னார்கள். அழைத்தேன். நான் மலாயில் தடுமாறுவதைக் கேட்டு ஒரு தமிழ்ப் பெண்ணிடம் மாற்றிவிட்டார்கள். சின்ன வயதுக் குரல். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள்.

"அக்கா, இது ஹேக் பண்ண கேஸ் இல்ல. மிரட்டலும் இல்ல. அந்த வீடியோவ எடுக்கச் சொல்லி கம்பெனிக்கு நாங்க எழுதுறோம். எடுக்குறதும் எடுக்காததும் அவங்க முடிவு. ஆளக் கண்டுபிடிக்கணும்னா நீங்க போலீஸ் ரிப்போர்ட் செய்யணும்."

"செஞ்சாச்சு. அவங்க ஒங்களத்தான் கேக்கச் சொன்னாங்க."

"அப்போ காத்திருக்கணும்க்கா."

"ஒங்களுக்கு அந்தப் பக்கம் யாருதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரிஞ்சாலும் நான் சொல்லக்கூடாது. இன்னைக்கு ஒங்களுக்குச் சொன்னா நாளைக்கு ஒங்களப் பத்தி வேற ஒருத்தருக்குச் சொல்லணும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குங்க. வீடியோவ எல்லாம் சேத்து வைங்க. யார்மேல சந்தேகம் இருந்தாலும் பேரச் சொல்லி எதும் போஸ்ட் போட்டுடாதீங்க. அப்புறம் அவரு ஒங்கமேல புகார் கொடுப்பாரு, நாங்க ஒங்களக் கூப்பிடற மாதிரி ஆயிடும்."

அந்தப் பெண்ணை மனதுக்குள் வண்டி வண்டியாகத் திட்டினேன். ஆனால் சொன்னதை மறக்கவில்லை.

பிறகு திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் கோயில் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். எங்கள் தோட்டத்தில் முதல் திருவிழா நடந்தபோது கயிறு கிடைக்கவில்லையாம். கித்தா மரத்தில் பால் வடியும் மங்கு என்கிற கோப்பையை மரத்தோடு பிணைக்கிற கம்பி இருக்கிறதே, அதை வளைத்து, மஞ்சள் துணி சுற்றிக் கட்டினார்களாம். இன்றுவரை அதுதான் வழக்கம். பூசாரி, கரகம் எடுப்பவர், கோயில் தலைவர் மூவருக்கும் மட்டும் மங்குக் கம்பிக் காப்பு. கையில் மாட்டி முறுக்கிவிட்டால் உருவ முடியாது. கடைசி நாள் பூசாரி குறட்டால் வெட்டித்தான் எடுப்பார். அதுவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லக்கூடாது. மீறினால் அம்மன் என்ன செய்வாள் என்பதற்குத் தோட்டத்தில் ஆளுக்கொரு கதை உண்டு.

காப்புக் கட்டிய சில நாட்களில் அந்தப் பக்கத்தில் இரண்டாவது வீடியோ வந்தது. மேசைமேல் ஒரு டம்ளர் பால். கறுப்பு முழுக்கைச் சட்டை போட்ட ஒரு கை, மாத்திரையைக் கரண்டியால் நசுக்கிப் பாலில் போட்டுக் கலக்குகிறது. "இப்படித்தான் அங்கே நடக்கிறது" என்கிறது மிஷின் குரல்.

ஃபேக்டரி கேன்டீனில் அதைப் பார்த்தேன். எல்லோரும் பாலைப் பார்த்தார்கள். ஒடிக்க வேண்டிய கை அது என்பதால் நான் கையைப் பார்த்தேன். கலக்கும்போது சட்டைக்கை ஒரு நொடி மேலே ஏறியது. மஞ்சள் துணி. துணி விலகிய இடத்தில் கம்பியின் முறுக்கு. நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். பருத்த கை. மோதிரத்தைக் கழற்றி வைத்திருந்தார், அது இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. பூசாரிக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. கரகம் எடுக்கும் பையன் ஒல்லிக்குச்சி. மிச்சம் தலைவர்தான். மோதிரத்தைக் கழற்றத் தெரிந்த மனிதருக்குக் காப்பைக் கழற்றத் தைரியமில்லை. பட்டறை நிறையக் குறடு வைத்திருப்பவர்!

எனக்கு வந்தது கோபம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதி, மகிழ்ச்சி. அப்போதே அவர் படத்தைப் போட்டு, பெயரைப் போட்டு, நாறடித்திருப்பேன், எழுதியும் முடித்துவிட்டேன். அனுப்பப் போகும்போது அந்த நிறுவனத்துப் பெண்ணின் குரல் நினைவுக்கு வந்தது. அழித்தேன். ஒரு போஸ்ட்டுக்கு அவர் இன்னொரு போஸ்ட் போடுவார். எனக்கு அவர் எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு திருவிழா முடியும் நாளுக்குக் காத்திருந்தேன். தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. அவள் என்னைத் தடுத்துவிடுவாள்.

கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. அந்த வருடம் தலைவர் விழாவை நேரலையாக விட ஏற்பாடு செய்திருந்தார். சிரம்பானிலிருந்து வீடியோக்காரர், கோயில் வாசலில் பெரிய திரை. காப்பை வெட்டும் முன் பூசாரி ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "காப்போட நின்னவங்ககிட்ட யாருக்காச்சும் கொறை இருக்கா? இருந்தா இப்ப கேளு." எவரும் கேட்டதில்லை. உறுமிமேளச் சத்தத்தில் அது காதில் விழுவதுகூட இல்லை.

"எனக்கு இருக்கு" என்றேன்.

உறுமி நின்றது. நான் முன்னால் போனேன். பதற்றம் துளியும் இல்லை. அத்தனை நாள் மனதுக்குள் நடந்து பழகிய தூரம்தானே.

"தலைவரண்ணே, கையத் தூக்கிக் காட்டுங்க."

"எதுக்கும்மா?"

"சும்மாதான். காப்பு நல்லாத் தெரியுற மாதிரி."

வீடியோக்காரர் தொழில் தெரிந்தவர். கேமராவை அவர் பக்கம் திருப்பினார். திரையில் அந்தக் கை பெரிதாக வந்தது. நான் என் கைப்பேசியில் நிறுத்தி வைத்திருந்த படத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். அதே முறுக்கு, அதே பருத்த விரல்கள், பாலைக் கலக்கும் கரண்டி. யாரும் விளக்கம் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ, பாவி" என்றாள். மூத்திரச் சோதனைக்காரிதான் அது.

தலைவர் கத்தினார். "லைவ்வ நிறுத்து! நிறுத்துய்யா மொதல்ல!"

"ஏண்ணே? பேச்சு சுதந்திரம் லா" என்றேன். அதைச் சொன்னபோது எனக்குள் இறங்கிய குளுமையை இன்றும் உணர முடிகிறது.

பூசாரி குறட்டைத் தட்டில் வைத்துவிட்டார். மற்ற இருவரின் காப்பு வெட்டப்பட்டது. அவருடையது வெட்டப்படவில்லை. "கொறையத் தீத்துட்டு வா. அதுவரைக்கும் நான் வெட்டமாட்டேன்" என்றார் பூசாரி.

திருவிழா முடிந்து பந்தல் பிரித்த பிறகும் அவர் காப்போடு தோட்டத்துக்குள் கிடந்தார். எல்லையைத் தாண்ட முடியாது. பட்டறையைத் திறக்க ஆளில்லை. தானே வெட்டிக்கொள்ள ஒரு நிமிடம் போதும்; பயம் விடவில்லை. வேலைக்குப் போகும்போது அவர் வீட்டு வாசலில் மோட்டாரை மெதுவாக்கி, ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் போவேன். வெறுங்காலோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அலுக்கவே இல்லை.

இடையில் அந்த நிறுவனத்துப் பெண் அழைத்தாள். "அக்கா, லைவ்ல ஒருத்தர அவமானப்படுத்திட்டீங்கன்னு புகார் வந்திருக்கு. அவர என்னன்னு சொன்னீங்க?"

"கையத் தூக்குங்கன்னு சொன்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. நீங்கதான எதும் சொல்லக்கூடாதுன்னீங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது. அப்படியே குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதன்பின் அங்கிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை.

கடைசியில் அவர் ஆள் அனுப்பினார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். தங்கை, "மன்னிப்புக் கேட்டாப் போதும்க்கா" என்றாள். எனக்குப் போதவில்லை. அதே பக்கத்தில், தன் முகத்தோடு நேரலையில் வர வேண்டும். பாலர் பள்ளியில் வைத்து, காப்புக் கட்டிய அதே கையால், முதல் டம்ளர் பாலைத் தன் பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாலைக் காய்ச்சப் போனாள்.

வந்தார். பூசாரி குறட்டோடு பக்கத்தில் நின்றார். தலைவர் கைப்பேசியைப் பார்த்துப் பேசினார். "இந்தப் பக்கம் என்னோடது. அந்த வீடியோல சொன்னது பொய். கொட்டகைக்கு ஆசைப்பட்டுச் செஞ்சேன்." சொல்லிவிட்டு அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஆனா காப்போட நான் வாயத் தொறந்து பொய் சொல்லலம்மா. நான் டைப்தான் பண்ணேன். பேசுனது அந்த ஆப்புதான்."

அம்மனிடமே சட்டம் பேசுகிற மனிதர். அவர் அதை உண்மையாகவே நம்பியிருந்தார், அதனால்தான் கையில் காப்போடு துணிந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூசாரி, "கை யாரோடது?" என்று மட்டும் கேட்டார்.

தலைவர் டம்ளரை எடுத்தார். மஞ்சள் துணி அழுக்கேறிக் கறுத்திருந்தது. கம்பி மணிக்கட்டைப் புண்ணாக்கியிருந்தது. அந்தக் குழந்தை பாலை மடமடவென்று குடித்துவிட்டு, மேலுதட்டில் நுரையோடு, "டீச்சர், இன்னும்" என்றது. தங்கை உடனே, "வெட்டிடுங்க" என்றாள். நானாயிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கவைத்திருப்பேன்.

வெட்டிய காப்பை ஆற்றில் விடுவதுதான் முறை. அதன் ஒரு துண்டை நான் எடுத்துக்கொண்டேன். என் மோட்டார் சாவியில் அது தொங்குகிறது. லுக்குட் போனால் அவர் பட்டறைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு நிற்பேன். அவர் உள்ளே போய்விடுவார். கோயில் தலைவர் பதவியையும் விட்டுவிட்டார்.

பள்ளி திறந்திருக்கிறது. பிள்ளைகள் பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். பொய்யை மந்தின் வரைக்கும் அனுப்பியவர்களில் ஒருவர்கூட அந்த மன்னிப்பை யாருக்கும் அனுப்பவில்லை. வந்த பிள்ளைகளின் அம்மாக்களும் காலையில் விட்டதும் போய்விடுவதில்லை. மோட்டாரை அணைக்காமல் வாசலில் கொஞ்சம் நிற்கிறார்கள். அவர்கள் வாயைத் திறந்து எதுவும் கேட்பதில்லை.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே பால் ஆகாது. வாடை பட்டாலே குமட்டும். இப்போது தினமும் காலையில் வாசலுக்கு வந்து, அந்த அம்மாக்கள் பார்க்க, முதல் டம்ளரை அவள்தான் குடிக்கிறாள். குடித்துவிட்டுச் சிரிக்கிறாள். அவர்கள் போனதும் பின்பக்கம் போய்க் குழாயடியில் குனிந்து நிற்பாள்.

"போதும்க்கா, அவர விட்டுடு" என்கிறாள் என்னிடம். அந்த முதல் டம்ளரை அவள் குடிக்க வேண்டாத ஒரு காலை வரட்டும். அதுவரை அந்தக் கம்பி என் சாவியில்தான் இருக்கும்.